'காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்கண்ணா!' - ஒரே மாத்திரை... ஊருக்கு ஒரு நியாயம்

2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ட்ரம்ப், கர்ப்பிணிகளுக்கு ஒரு அட்வைஸ் சொன்னார். டைலெனால் போடாதீங்க, முடிஞ்ச வரைக்கும் பொறுத்துக்கோங்க, இல்லைன்னா குழந்தைக்கு ஆட்டிசம் வரலாம் என்பதுதான் அதன் சாரம். டைலெனால்னா ஏதோ புது மருந்து இல்லீங்க. கொரோனா காலத்துல மீம்ஸ்ல சக்கைபோடு போட்ட டோலோ 650-க்குள்ள இருக்கிற அதே பாராசிட்டமால்தான். அந்தத் தொடர்புக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளின் தகவல்களை வைத்து 2024-ல் வெளியான ஆய்விலும், ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை.

அரசியலை விடுங்க. நம்ம ஊர்ல பெட்டிக்கடையிலகூட கிடைக்கிற ஒரு மாத்திரை, இன்னொரு ஊர்ல அதிபர் பேசுற மேட்டர் ஆகுது பாருங்க, அதுதான் சுவாரஸ்யம். மருந்து ஒண்ணுதான். ஆனா, அதை யார் கையில இருந்து வாங்குறோம், யாரை நம்பி விழுங்குறோம் என்பது நாட்டுக்கு நாடு மாறுது.

நெதர்லாந்தில் குடியேறிய வெளிநாட்டுக்காரர்களிடம் ஒரு நிரந்தர ஜோக் உண்டு. என்ன வியாதின்னு போனாலும் அங்குள்ள குடும்ப டாக்டர், 'பாராசிட்டமால் போட்டு ரெஸ்ட் எடுங்க' என்று அனுப்பிவிடுவார். 'ஒரு ஊசிகூடப் போடல, இவரெல்லாம் ஒரு டாக்டரா?' என்று நம்ம வீட்ல கேட்டிருப்பாங்க. ஆனா, ஐரோப்பாவிலேயே ஆன்டிபயாட்டிக் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் நாடுகளில் அதுவும் ஒன்று. பிரிட்டனோ அந்தப் பாராசிட்டமாலுக்கே கடிவாளம் போட்டது. 1998 முதல் சாதாரணக் கடைகளில் ஒரு பாக்கெட்டில் 16 மாத்திரை, மருந்துக் கடையில் 32, அவ்வளவுதான். அடுத்த 11 ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாராசிட்டமால் ஓவர்டோஸ் மரணங்கள் 43% குறைந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது.

அமெரிக்கா இதற்கு அப்படியே உல்டா. டாக்டர் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும் மருந்துக்கு டி.வி-யில் விளம்பரம் வரும். 'உங்க டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க' என்று சிரித்த முகத்தோடு சொல்வார்கள். இப்படி மக்களிடமே நேரடியாக விளம்பரம் செய்ய தாராளமாக விடும் நாடுகள் அமெரிக்காவும் நியூஸிலாந்தும்தான். வலின்னா உடனே போகணும் என்ற அந்த மனநிலைக்குள்தான் 1996-ல் ஆக்ஸிகான்டின் வந்து இறங்கியது. அடிமையாக்கும் அபாயத்தை மறைத்து மக்களைத் தவறாக வழிநடத்தியதாக 2007-ல் அதைத் தயாரித்த பர்டூ நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் நிலைமை கைமீறிவிட்டது. வலி மாத்திரையில் தொடங்கி ஹெராயின், ஃபென்டனில் என்று போய், 2021-ல் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓவர்டோஸில் இறந்தார்கள்.

அந்த ஆக்ஸிகான்டினில் இருக்கும் ஆக்ஸிகோடோன் ஜப்பானுக்குப் போனால் என்ன ஆகும்? 2015-ல் டொயோட்டாவின் உயர் பெண் அதிகாரி ஒருவருக்கு அமெரிக்காவிலிருந்து அந்த மாத்திரைகள் பார்சலில் வந்தன. முழங்கால் வலிக்கு என்றார். போலீஸ் கைது செய்து சுமார் மூன்று வாரம் உள்ளே வைத்தது. கடைசியில் வழக்கு இல்லாமல் விட்டார்கள். ஆனா, வேலை போனது போனதுதான். அமெரிக்காவில் ஏ.டி.ஹெச்.டி-க்குப் பிள்ளைகளுக்கே எழுதித் தரும் அட்ரால், ஜப்பானில் டாக்டர் சீட்டு இருந்தாலும் நோ என்ட்ரி. அதே ஜப்பானில் பலரும் தனியாக ஒரு மருந்து நோட்டு வைத்திருப்பார்கள். எந்த டாக்டர் எதை எழுதினார் என்ற வரலாறே அதில் இருக்கும்.

வளைகுடாவுக்குக் கிளம்புற நம்ம பசங்களுக்கும் இது பொருந்தும். ட்ரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்தெல்லாம் ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கொண்டுபோக முன்கூட்டியே ஆன்லைனில் அனுமதி வாங்கணும். அம்மா பாசத்தோட குருமாவுக்குக் கட்டிக் கொடுக்கிற கசகசாவுக்கும் அங்கே தடைதான்!

சரி, நம்ம ஊர்? 'அண்ணா, காய்ச்சல், உடம்பு வலி, ரெண்டு வேளைக்கு ஒரு செட்.' வெட்டியெடுத்த மாத்திரைகள் நாலு ஒரு சின்னக் காகிதக் கவரில் வரும். ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு சளி மாத்திரை, வயிறு எரியாமல் இருக்க ஒண்ணு, கூடவே பல நேரங்களில் ஓர் ஆன்டிபயாட்டிக். கவர் மேல பேரும் இல்ல, டோஸும் இல்ல.

இதைக் கிண்டல் பண்ணிட்டுப் போறது ஈஸி. ஆனா, டாக்டர் ஃபீஸ், வரிசையில் நிற்கும் நேரம், போகும் ஒருநாள் கூலி எல்லாத்தையும் கூட்டிப் பார்க்கிறவருக்கு, தெருமுனை மெடிக்கல் அண்ணன்தான் குடும்ப டாக்டர். அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம், காத்திருப்பு இலவசம் இல்லையே. முக்கியமான ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, வாங்கியவர் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற ஹெச்1 விதி 2014 மார்ச்சிலேயே வந்துவிட்டது. அந்தப் பதிவேட்டைக் கண்ணால் பார்த்தவங்க கைதூக்குங்க!

எனக்கு பயம், மாத்திரை ஈஸியா கிடைக்கிறதுல இல்ல. பேர் தெரியாம கிடைக்கிறதுல. செட்டில் இருக்கும் சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கலாம். அது தெரியாமல் வீட்டில் இருக்கும் 650-யும் சேர்த்துப் போடுவோம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் கல்லீரல் கணக்குக் கேட்கும். ரெண்டு வேளை ஆன்டிபயாட்டிக் இன்னும் மோசம். கிருமியை முழுசா கொல்லாது, தப்பிச்ச கிருமிக்கு மருந்தைப் பழக்கிவிடும். அப்புறம் நிஜமாவே தேவைப்படும்போது அதே மருந்து வேலை செய்யாது. 'போன வாரம் என்ன மாத்திரை போட்டீங்க?' என்று டாக்டர் கேட்டால், 'வெள்ளையா ஒண்ணு, மஞ்சளா ஒண்ணு' என்பதுதான் நம்மிடம் இருக்கும் மெடிக்கல் ஹிஸ்டரி.

அடுத்த முறை அண்ணன்கிட்ட, பேர் அச்சடிச்ச பக்கத்தை வெட்டாம அட்டையோடவே கேளுங்க. அட்டையில் செங்குத்தா சிவப்புக் கோடு இருந்தா, அது டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக்கூடாத மருந்து. விழுங்கும் முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ஜப்பான்காரர் நோட்டு வெச்சிருக்கார், நமக்கு கேலரி போதும்.