அலமாரிச் சாவி வைத்திருப்பவருக்கு

மதிப்புக்குரிய அதிகாரி அவர்களுக்கு,

காரைக்கால் பக்கத்து மீனவர் கிராமமான பட்டினச்சேரியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பெயரையும் அலுவலகத்தையும் இங்கே குறிப்பிடவில்லை. படித்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும். இதே விஷயத்தை மனுவாகக் கொடுத்தேன், நினைவூட்டும் கடிதம் கொடுத்தேன், பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். ஒப்புகை அட்டை மட்டும் தவறாமல் திரும்பி வந்தது. ஆகவே இப்போது ஊரறிய எழுதுகிறேன். விதிகளைப் பற்றிப் பேசப்போவதில்லை. அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

போன மாசி மகத்துக்கு ரீயூனியன் தீவிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தமிழ் பேச வராது. ஆனால் வருடந்தோறும் தீ மிதிக்கிற குடும்பம். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் 1860களில், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் கப்பலேறியவர். 1861 ஜூலை 1-ஆம் தேதி பிரான்சும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டன. அதன்படி நம் ஆட்களையும் தஞ்சாவூர்ச் சீமை ஆட்களையும் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றி அனுப்பினார்கள். அங்கே அவர்களை நடத்திய விதத்தைப் பார்த்து, 1882-இல் பிரிட்டிஷ் அரசே ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது என்றால் மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த அம்மா வெறுங்கையோடு வரவில்லை. கப்பலேறியவரின் பதிவுத்தாளின் நகல் அவரிடம் இருந்தது. தகப்பன் பெயர், தாயார் பெயர், ஊர், சாதி, வயது, உயரம் வரை அதில் இருக்கிறது. ஆளை மாடுபோல் அளந்துதான் எழுதினார்கள். ஆனால் எழுதியதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளில் ஒரு பிரதி பிரான்சுக்கு வந்து சேர வேண்டும் என்று பதினாறாம் லூயி 1776-இலேயே ஆணை போட்டார். இன்று அவை எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. காரைக்கால் பதிவேடுகளும் அங்கே உண்டு; பழையவற்றை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

நாங்கள் இருவரும் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைபேசியில் தேடினோம். போனவரின் பெயர் இங்கே கிடைக்காது. அவர் கப்பலேறிய பிறகு, பிரெஞ்சு அரசின் 1880 ஆணைக்குப் பின்தான் ஊர்ச்சனங்களின் பிறப்பும் திருமணமும் இறப்பும் முறையாகப் பதிவாயின. ஆகவே போனவரை விட்டுவிட்டு இருந்தவர்களைத் தேடினோம். போனவருடைய தாயாரின் இறப்புப் பதிவு கிடைத்தது. இறப்பைச் சொல்ல வந்தவர் இன்னொரு மகன், தொழில் மீன்பிடிப்பு. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. தம்பி ஒருவர் இங்கேயே இருந்திருக்கிறார். அவருக்குப் பிள்ளைகள் இருந்தால், அவர்களுடைய வழிவந்தவர்கள் இன்று எங்கள் தெருவிலேயே வலை பின்னிக்கொண்டிருக்கலாம்.

இணையத்தில் கிடைப்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு சரி. அதற்குப் பிந்தைய பதிவேடு உங்கள் அலமாரியில் இருக்கிறது. அதனால்தான் வந்தோம்.

உங்கள் மேசையில் கேட்கப்பட்டவை: ஆதார் அட்டை, கப்பலேறியவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ். அந்த அம்மா பிரெஞ்சுக் குடிமகள், ஆதார் கிடையாது என்றேன். "அப்படின்னா உறவுமுறைச் சான்று கொண்டு வாங்க" என்றீர்கள். உறவு உண்டா என்று பார்க்கத்தான் பதிவேட்டைக் கேட்கிறோம் என்றேன். "உறவுன்னு நிரூபிச்சாத்தான் பதிவேட்டைக் காட்ட முடியும்." இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஐயா, அதை நான் மறக்கவே மாட்டேன்.

அன்று மாலை அவரைக் கடற்கரைக்கு அழைத்துப்போனேன். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு வந்திருந்தார். மீனவர் குலத்துப் பத்மினி நாச்சியாரைக் கட்டியவர் என்பதால் எங்கள் ஆட்களுக்கு அவர் மாப்பிள்ளை. வாய் நிறைய அப்படித்தான் கூப்பிடுகிறோம். எந்தக் காலத்துச் சம்பந்தம் அது! பெருமாளிடம் இதுவரை யாரும் உறவுமுறைச் சான்று கேட்டதில்லை. உங்கள் அலுவலகம் கடற்கரையில் இல்லாதது அவர் செய்த புண்ணியம்.

பிரெஞ்சுக் குடியுரிமைக்கு வழி தேடுகிறவர்களைத் தரகர் கூட்டி வந்தால் அதே அலமாரி திறக்கிறது என்று ஊரில் பேச்சு. பேச்சுதான், நான் பார்த்ததில்லை. ஆனால் அது பொய் என்று நீங்களும் இதுவரை சொன்னதில்லை.

எங்கள் பக்கத்து நிலைமையையும் கேளுங்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் உள்ளே வந்தபோது ஆட்களோடு வீடுகளில் இருந்த தகரப்பெட்டிகளும் போயின: பத்திரம், கல்யாணப் பத்திரிகை, தாத்தா படம் எல்லாமே. பட்டினச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பாட்டன் பெயருக்கு மேல் எழுத்தில் ஒன்றும் மிச்சமில்லை. மிச்சம் இருப்பது உங்களிடம் உள்ள அந்தப் பதிவேட்டுக் கட்டுகள்தான். ஓரம் உதிர்கிறது, கரையான் அரிக்கிறது. காளமேகப் புலவர் சாபமிட்டு எங்கள் திருமலைராயன்பட்டினத்தில் மண்மாரி பொழிந்தது என்பார்கள். மண் மூடியதைத் தோண்டியாவது எடுக்கலாம். கரையான் தின்றதை எந்தப் புலவரைக் கூப்பிட்டு மீட்பீர்கள்?

பிரான்சு தன் பங்குப் பிரதியைக் காப்பாற்றிவிட்டது. 1954 நவம்பர் 1-இலிருந்து இந்த ஊர் நம் கையில் இருக்கிறது. நம் தாத்தா பெயரைப் பார்க்க இன்னும் அவர்கள் இணையதளத்துக்குத்தான் போகிறோம். விடுதலை வாங்கியவர்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? "விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்றா?

அந்த அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மறுபடி வருவதாகச் சொன்னார். வர முடியுமா என்று எனக்குத் தெரியாது. நான் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். இன்றோ நாளையோ உங்களுக்கு மாற்றல் வரும். சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் அந்த அலமாரியைத் திறந்து வையுங்கள். படம் எடுக்க எங்கள் பிள்ளைகள் கைபேசியோடு வருவார்கள்.

இப்படிக்கு,
பட்டினச்சேரிக்காரன்