திருப்பித் தருவோம் என்ற சொல்

வணிக உலகில் சொற்களுக்கும் விலை உண்டு. விமானப் பயணச்சீட்டு விற்கும் கடையில் அவ்வாறு விலைபோகும் சொல் ஒன்று இருக்கிறது. 'ரிஃபண்டபிள்' என்பது அது. பயணத்தை ரத்துச் செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது அதன் பொருள். அந்தச் சொல் இல்லாத சீட்டு மலிவானது. உள்ள சீட்டு விலை கூடியது. ஆகவே, அந்தச் சொல்லையும் நாம் காசு கொடுத்தே வாங்குகிறோம். வாங்கியதைப் பயன்படுத்த நேரும் நாளில்தான் நாம் வாங்கியது வெறும் சொல் என்பது தெரிய வருகிறது.

நமுனுகுல மலைச்சாரலில் ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு விமானச் சீட்டைப் பற்றிய கவலை எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். லயத்து மக்களுக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்கு வரலாறு பதில் சொல்லும். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்கள் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்கள் பங்கிடப்பட்டார்கள். அந்தப் பங்கீடு குடும்பங்களின் நடுவே கோடு கிழித்தது. அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறினான். தங்கை இங்கே கொழுந்துக் கூடையோடு நின்றாள். 1980களில் அந்தக் கப்பலும் நின்றுவிட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் விடப்பட்டது. ஆனால் ஊவா மலைக்குக் காங்கேசன்துறை நாட்டின் மறுகோடி. ஆதலால் கட்டுநாயக்காவே நம் மக்களின் வாசல். கூடப் பிறந்தவர் முகம் பார்க்க விரும்பும் ஏழைக்கு விமானம் ஆடம்பரம் அன்று. எஞ்சியிருக்கும் ஒரே பாதை அது.

தோட்டமொன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற தாய் ஒருவரை நாம் அறிவோம். அவருடைய பேரன் நம்மிடம் படித்தவன். திருச்சிப் பக்கம் குடியேறிய அண்ணனின் வீட்டுக் கலியாணத்துக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. சேமலாப நிதிப் பணத்தில் மிஞ்சியிருந்ததை எடுத்து, 2025 டிசம்பர் முதல் வாரத்துக்கு 88,000 ரூபாவில் சீட்டு வாங்கினார். மலிவான சீட்டும் இருந்தது. பிரஷர் வருத்தம் உள்ளவர். போக முடியாமற் போனால் என்ன செய்வது என்று எண்ணி, பணம் திரும்பும் சீட்டையே கேட்டு வாங்கினார்.

நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தது. பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன, மனிதர் மாண்டனர், வீதிகளும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. விமானம் பறந்தது, விமானத்துக்குப் போக வழி இல்லை. இரண்டு நாளுக்கு முன்பே பேரன் தொலைபேசியில் அறிவித்துச் சீட்டை ரத்துச் செய்தான். பல வாரங்கள் கழித்து வந்த பணம் 47,500 ரூபா. விமானக் கம்பனியின் ரத்துக் கட்டணம், முகவரின் சேவைக் கட்டணம், பணத்தைத் திருப்பித் தருவதற்கே ஒரு கட்டணம், வங்கிக் கட்டணம், நாணய மாற்றில் ஏற்பட்ட வித்தியாசம் என்று 40,500 ரூபா மறைந்துவிட்டது. நாட்டைவிட்டுப் புறப்படுவோரிடம் அறவிடும் விமான நிலைய வரியும் சீட்டின் விலைக்குள் அடங்கியிருந்தது. புறப்படாத அவருக்கு அந்த வரி திருப்பித் தரப்பட்டதாகக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை.

2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி அறிவித்தது. அப்படியானால் 40,500 ரூபா என்பது முப்பது நாட் சம்பளம்! முப்பது நாள் அட்டைக்கடியிலும் மழையிலும் மலையேறி இறங்கிய உழைப்பு! "போகாத ஊருக்கு இவ்வளவு செலவா, சேர்?" என்று அந்தத் தாய் கேட்டார். போகாத ஊருக்கு வழி சொல்பவரைப் பற்றித் தமிழிலே பேச்சு உண்டு. போகாத ஊருக்குக் கட்டணம் வாங்குபவரைப் பற்றி நம் முன்னோர் அறிந்திருக்கவில்லை.

கம்பனிகளின் வாதத்தையும் கேட்போம். "இருக்கை வெறுமையாகப் போனால் எங்களுக்கு நட்டம் அல்லவா?" என்கிறார்கள். உண்மைதான். ஆனால், அந்த நட்டத்துக்கு ஈடாகத்தானே மலிவுச் சீட்டுக்கும் இந்தச் சீட்டுக்கும் இடையே விலை வித்தியாசம் வைத்தார்கள்? பயணம் செய்தவர், செய்யாதவர் எல்லாரிடமும் அதனை முன்னதாகவே வாங்கிக்கொண்டார்கள். பிறகு ரத்துச் செய்தவரிடம் மறுபடியும் பிடிப்பது ஒரே பொருளை இருமுறை விற்பதாகும். அதே இருக்கையை இன்னொருவருக்கு விற்றால் மும்முறை!

"நிபந்தனைகளில் எல்லாம் எழுதியிருக்கிறதே" என்பது அவர்களுடைய இரண்டாவது வாதம். எழுதித்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பணம் கட்டிய பிறகு கைக்கு வரும் தாளில் எழுதியிருக்கிறது. எழுதப்பட்ட தாளைப் பற்றி மலையக மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 'துண்டு' என்ற சீட்டை நம் பாட்டன்மார் அறிவார்கள். ஊரிலிருந்து அழைத்துவந்த வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரிலேயே கடனாக ஏறின. இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவனை விடுவிக்கலாம் என்று எழுதிய துண்டு இல்லாமல் அவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. தன் கடன் எவ்வளவு என்பது அவனுக்குத் தெரியாது, எழுதியவனுக்குத்தான் தெரியும். 1921இல் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது. அந்தக் கொடுமையையும் இன்றைய கட்டணத்தையும் சமமென்று நாம் சொல்லவில்லை. ஆனால், கணக்கு ஒருவன் கையிலும் கடன் மற்றொருவன் தலையிலும் இருக்கும் முறை ஒன்றேதான். படிக்க முடியாத தாளில் எழுதியதை ஒப்பந்தம் என்று அழைப்பது அன்றும் நியாயமாக இல்லை, இன்றும் இல்லை.

வேறு வழி இல்லையா? பாக்கு நீரிணைக்கு அப்பால் பாருங்கள். இந்தியாவில் 2016 ஆகஸ்ட் மாதம் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருட் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது. பறக்காதவருக்கு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வேண்டும்; பணம் திரும்பாத சீட்டுக்கும் இது பொருந்தும். திருப்பித் தருவதற்கென்று தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதைத் தெளிவாகக் காட்டவும் வேண்டும். அங்கே அநீதி அடியோடு ஒழிந்துவிட்டது என்று நாம் மயங்கவில்லை. கொரோனா ஊரடங்குக் காலத்துச் சீட்டுகளின் பணத்துக்காக மக்கள் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2020 அக்டோபர் 1ஆம் திகதிதான் தீர்ப்புக் கிடைத்தது. ஆயினும் விதி என்று ஒன்று இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு போராடலாம்.

இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நுகர்வோர் விவகார அதிகாரசபை அமைக்கப்பட்டது. மக்களை ஏமாற்றும் விதத்தில் வணிகர் நடந்துகொள்ளலாகாது என்பது அச்சட்டத்தின் விதி. பாதிப் பணத்தைப் பிடித்துக்கொள்ளும் சீட்டை 'பணம் திரும்பும் சீட்டு' என்று விற்பது ஏமாற்று இல்லையென்றால் வேறு எதுதான் ஏமாற்று?

நாம் கேட்பது மிகச் சிறிது. சீட்டு விற்குமுன், ரத்துச் செய்தால் திரும்பும் தொகை இத்தனை ரூபா என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் காட்டட்டும். முகவரின் கட்டணமும் அதிலேயே அடங்கட்டும். பறக்காதவரின் வரி முழுவதும் திரும்பட்டும். வழியை மண் மூடிய நாட்களில் ஒரு சதமும் பிடிக்கப்படாதிருக்கட்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! வட்டிக் கணக்கும் இலாப நட்டக் கணக்கும் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். ஒருநாள் விமானச் சீட்டு ஒன்றையும் கரும்பலகையில் எழுதி, வரிக்கு வரி பிரித்துக் காட்டுவோம். சீட்டு வாங்கப் போகும் பெற்றோருடன் துணைக்குப் போவோம். திரும்பும் தொகையை எழுத்தில் கேட்போம். ஏமாந்தவருக்கு முறைப்பாடு எழுதிக் கொடுப்போம். அந்தத் தாயின் முறைப்பாட்டை அவர் பேரன் எழுதினான். அவர் தம் பெயரைத் தாமே எழுதிக் கையொப்பமிட்டார். அவர் கேட்பது இரக்கம் அன்று. தாம் காசு கொடுத்து வாங்கிய சொல்லுக்கு உரிய பொருள்.