நமக்கெதுக்கு வம்பு?

காலை நடை முடிந்ததும் நாங்கள் நாலைந்து கிழவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்காருவது வழக்கம். அங்கே டீ ஆற்றும் இளைஞரின் முழங்கைக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றுப் பெரிதாக ஒரு வெளுத்த திட்டு. இரண்டு மாதமாகப் பார்க்கிறேன், மறையவில்லை. போன வாரம் நண்பர்களிடம், "அந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றிருக்கிறேன்" என்றேன். அத்தனை பேரும் ஒரே குரலில், "நமக்கெதுக்கு சார் வம்பு?" என்றார்கள்.

இந்த நாலு வார்த்தை மீதுதான் எனக்குக் கோபம். காரணத்தைச் சொல்கிறேன்.

1992-ல், அப்போதைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு சிறிய தபால் ஆபீசில் கவுண்ட்டரில் இருந்தேன். இன்ஷூர்டு கவர் அனுப்ப ஒரு வியாபாரி அடிக்கடி வருவார். நாற்பது வயதிருக்கும். கையெழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும். ஒரு நாள் கவருக்கு அரக்கு வைக்கும்போது கொதிக்கும் சொட்டு ஒன்று அவர் விரலில் விழுந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். கையை உதறவில்லை, "ஸ்" என்றுகூடச் சொல்லவில்லை. அதே கையில் மணிக்கட்டுக்கு மேல் வெளுத்த தேமல்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஏனென்றால் என் தலைக்கு மேலே சுவரில், 'உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம்' என்று சுகாதாரத் துறை ஒட்டிய போஸ்டர் தொங்கிக்கொண்டிருந்தது. பஸ் ஏறினால் கரிகிரி ஆஸ்பத்திரி. அந்த நோய்க்காகவே 1955-ல் தொடங்கப்பட்ட இடம். எல்லாம் தெரிந்தும் ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "அடுத்து யாருங்க?" என்றேன். ஒரு கௌரவமான மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது, நமக்கெதுக்கு வம்பு என்று நினைத்தேன்.

மாற்றலாகிப் போய் ஆறு வருடம் கழித்து அதே ஆபீசுக்கு வந்தேன். அவர் ஒரு மணியார்டர் வாங்க வந்தார். என்னை அடையாளம் கண்டு வணக்கம் சொன்னார். கையெழுத்துப் போட பேனாவை நீட்டினேன். சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளே மடங்கியிருந்தன. "மை டப்பா இருக்குங்களா?" என்று கேட்டு, ரேகை வைத்துவிட்டுப் போனார். மருந்து சாப்பிட்டு நோய் குணமாகியிருந்தது. ஆனால் காலம் கடந்து ஆரம்பித்ததால் செத்த நரம்பு செத்ததுதான்.

இப்போது நண்பர்களின் வாதங்களுக்கு வருகிறேன்.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. அதனால்தான் நோயின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வேன். மீதி டாக்டர் பாடு.

"தப்பாக இருந்துவிட்டால்?" இருக்கட்டுமே. வெறும் தேமலாக இருந்தால் அவருக்கு நஷ்டம் அரை நாள். தொழுநோயாக இருந்தால் ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை, அதுவும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குப் பரவுவதும் நின்றுவிடும். நான் வாயை மூடிக்கொண்டால் நஷ்டம் விரல்கள். எது பெரிது?

"அவர் மனது புண்படுமே." இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாசாங்கு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சம்பளம் எவ்வளவு, சொந்த வீடா, பெண்ணுக்கு ஏன் இன்னும் வரன் அமையவில்லை என்று கேட்கிறவர்கள் நாம். கல்யாணமாகி ஒரு வருடம் ஆன பெண்ணிடம், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கூசாமல் கேட்போம். அங்கெல்லாம் புண்படாத மனது, உபயோகமாக ஒரு வார்த்தை சொல்லும்போது மட்டும் புண்பட்டுவிடுமாம்! உண்மை என்னவென்றால், அந்த நோயை அவமானம் என்று நினைப்பது நாம்தான். நம் கூச்சத்துக்கு அவருடைய கௌரவத்தின் பெயரை வைக்கிறோம்.

அதற்காக எதிரில் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "ஏன் இப்படி இளைச்சுட்டீங்க, சுகரா?" என்று நாலு பேர் நடுவில் கேட்பவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். அது அக்கறை அல்ல, வாய்க்கொழுப்பு. சொல்வதற்கு முறை இருக்கிறது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தரம் சொல்ல வேண்டும். எங்கே போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறகு வேறு யாரிடமும் மூச்சு விடக் கூடாது. நான் பெஞ்சில் நண்பர்களிடம் முதலில் சொன்னதே தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் கடையில் கூட்டம் குறைந்ததும் அந்தத் தம்பியிடம் போனேன். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. கையில இருக்கிற அந்தத் திட்டுல தொட்டா உணர்ச்சி இருக்கான்னு பாருங்க. குறைவா இருந்தா உடனே பி.எச்.சி.ல காட்டிடுங்க. இல்லேன்னாலும் ஒரு தடவை காட்டிடறது நல்லது" என்றேன். அவர் முகம் மாறியது. "உங்க வேலையைப் பாருங்க பெரியவரே" என்று சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். நண்பர்களுக்கு ஒரே சிரிப்பு.

இன்றுவரை அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று நானும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். என்மேல் அவருக்குக் கோபம் இருந்துவிட்டுப் போகட்டும். இன்னொருவருக்கு மை டப்பா எடுத்து நீட்ட என்னால் முடியாது.