எச்சரிக்கைக்கு மட்டும் பெட்டி போடுங்கள்

“அடர் அமிலத்தில் நீரை ஊற்றாதீர்கள், நீரில்தான் அமிலத்தை மெதுவாக ஊற்ற வேண்டும்.” ஆய்வுக்கூடக் குறிப்பில் இந்த வரி மற்ற வரிகளோடு கலந்துவிட்டால் ஆபத்து.

மார்க்டவுனில் எழுதும் மாணவர்கள், அதன் மேலும் கீழும் மூன்று முக்காற்புள்ளிகள் இட்டு ‘எச்சரிக்கை’ என வகைப்பெயர் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. பாண்டாக் மென்பொருள் அதைப் பிடிஎஃப் ஆக மாற்றும்போது, பெயரை விட்டுவிட்டுச் சாதாரணப் பத்தியாகவே அச்சிடும்.

லுவா மொழியில் சிறிய வடிகட்டி ஒன்றை எழுதுங்கள். அந்தப் பெயரைக் கண்டதும் அது பெட்டி போட்டுவிடும். 2017இல் வந்த பாண்டாக் 2.0 முதல் லுவா அதனுள்ளேயே இருக்கிறது; தனியாக நிறுவ வேண்டியதில்லை.

ஆனால், பார்ப்பதற்கெல்லாம் பெட்டி வேண்டாம். பக்கத்துக்கு ஐந்து பெட்டி இருந்தால் கண் எதிலும் நிற்காது. எது ஆபத்து என்று வடிகட்டிக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.