பதக்கம் வாங்கிய கை பந்தயப் பணத்துக்குப் போனால்?



"ஒலிம்பிக்கில் ஒருமுறை ஜெயித்துவிட்டால் போதும், பிறகு ஏழு தலைமுறைக்குக் கவலை இல்லை!" கடலூர் முதுநகரில் மீன் கூடை தூக்கும் தோழரும் இப்படித்தான் நினைக்கிறார். சிதம்பரம் தேநீர்க் கடையில் பத்திரிகை புரட்டும் தோழரும் இப்படித்தான் பேசுகிறார். உண்மை அதுதானா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் அரியானாவின் நிஷாந்த் தேவ் காலிறுதியில் தோற்றார். இன்னொரு வெற்றி கிடைத்திருந்தால் பதக்கம், கிடைக்கவில்லை. ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2025 ஜனவரி 25ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் தொழில்முறை வீரராகக் கோதாவில் இறங்கினார். முதல் சுற்றிலேயே எதிராளியை வீழ்த்தினார். வாழ்த்துகிறோம். ஆனால் வாழ்த்தோடு நம் வேலை முடிந்ததா? இவருக்கு முன்னால் இதே வழியில் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க வேண்டாமா?

முதலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வோம். ஒலிம்பிக்கில் சண்டை மூன்று சுற்று. சுற்றுக்கு மூன்று நிமிடம். தொழில்முறையில் பட்டப் போட்டி பன்னிரண்டு சுற்று வரை நீளும். அங்கே எதிராளியைக் குலுக்கல் முடிவு செய்கிறது. இங்கே போட்டி நடத்தும் முதலாளி முடிவு செய்கிறார். அங்கே வீரனின் சாப்பாட்டையும் பயிற்சியையும் சங்கமோ அரசாங்கமோ பார்த்துக்கொள்கிறது. இங்கே கிடைக்கும் பணத்தில் மேனேஜருக்கு ஒரு பங்கு, பயிற்சியாளருக்கு ஒரு பங்கு போய், மிச்சம்தான் அடி வாங்கியவனுக்கு. சண்டை இல்லாத மாதம் கூலி இல்லாத மாதம். கை முறிந்தால் அந்த வருடமே பட்டினி.

இது நமக்குப் புதிய கதையா? கரும்பு வெட்டப் போகிறவனுக்கு முன்பணம் கொடுத்து மேஸ்திரி கட்டிப்போடுவதை நெல்லிக்குப்பம் பக்கத்துத் தோழர்கள் அறிவார்கள். நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையைக் காண்டிராக்ட் தொழிலாளி குறைந்த கூலிக்குச் செய்வதை நெய்வேலித் தோழர்கள் அறிவார்கள். உடம்பை மட்டுமே முதலாக வைத்திருப்பவன் யாரானாலும், கையெழுத்துப் போடும் இடத்தில்தான் அவன் தலையெழுத்து இருக்கிறது. குத்துச்சண்டை வீரனும் உடம்பை விற்றுப் பிழைக்கும் ஒரு தொழிலாளியே!

உலக வரலாற்றைப் பாருங்கள். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற காசியஸ் கிளே, ஊர் திரும்பியதும் லூயிவில் நகரத்துப் பணக்காரர்கள் பதினொரு பேர் சேர்ந்த குழுவோடு ஒப்பந்தம் செய்தார். முன்பணம் பத்தாயிரம் டாலர். வருமானத்தில் சரிபாதி அவர்களுக்கு. 1964இல் உலகப் பட்டம் வென்று முகமது அலி ஆனார். 1967இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்தார். பட்டத்தைப் பறித்தார்கள், மூன்றரை ஆண்டு கோதாவில் ஏறவிடவில்லை. உச்சியில் நின்றவனுக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்?

1956 மெல்போர்னில் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர் பீட் ரேட்மேக்கர். தொழில்முறையில் அவருடைய முதல் சண்டையே 1957இல் உலகச் சாம்பியன் பிளாய்ட் பேட்டர்சனோடு. ஆறாவது சுற்றில் விழுந்தார். விழுத்திய பேட்டர்சன் யார்? அவரும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்தான். ஆனால் ஐந்து ஆண்டு படிப்படியாகத் தொழில் பழகியவர். தங்கம் இரண்டு பேரிடமும் இருந்தது. தொழில் ஒருவரிடம்தான் இருந்தது.

1976 மாண்ட்ரியல் தங்க வீரர் லியான் ஸ்பிங்க்ஸ், தம் எட்டாவது தொழில்முறைச் சண்டையில், 1978 பிப்ரவரியில், முகமது அலியையே வென்றார். உலகமே வாய் பிளந்தது. ஏழு மாதத்தில் பட்டம் போயிற்று. பணமும் போயிற்று. பிற்காலத்தில் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தார் அந்த உலகச் சாம்பியன்! கூட்டித் துடைப்பது இழிவல்ல. உழைப்பு எதுவும் இழிவல்ல. ஆனால் அவர் முஷ்டியால் வந்த கோடிகள் யார் பெட்டிக்குப் போயின என்பதே கேள்வி.

பணத்துக்கு மயங்காதவர்களும் உண்டு. கியூபாவின் தியோபிலோ ஸ்டீவன்சன் 1972, 1976, 1980 என மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அலியோடு மோத டாலரைக் கொட்டத் தயாராக இருந்தார்கள், மறுத்தார். அந்த நெஞ்சுரத்துக்கு வணக்கம். ஆனால் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஹங்கேரியின் லாஸ்லோ பாப்பும் மூன்று தங்கம் வென்றவர். 1957இல் அரசாங்க அனுமதியோடு தொழில்முறைக்குப் போனார். ஒரு சண்டையிலும் தோற்கவில்லை. 1962இல் ஐரோப்பியச் சாம்பியன் ஆனார். உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, 1965இல், அதே அரசாங்கம் அனுமதியை ரத்து செய்தது. கியூபாவிலும் இரண்டு தங்கம் வென்ற ரிகொண்டோ 2009இல் நாட்டைவிட்டு ஓடித்தான் தொழில் செய்ய முடிந்தது. கடைசியில் 2022இல் கியூபாவே தொழில்முறைச் சண்டைக்குக் கதவைத் திறந்தது. தடைச் சட்டம் வீரனைக் காப்பாற்றாது என்பதே இதில் பாடம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அரியானாவின் பிவானிப் பக்கம், அரசுப் பேருந்து ஓட்டுநரின் மகன் விஜேந்தர் சிங். 2008 பெய்ஜிங்கில் வெண்கலம் வென்றார். இந்தியாவுக்குக் குத்துச்சண்டையில் அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம். போலீஸ் இலாகாவில் உத்தியோகமும் கிடைத்தது. பிறகு ஏன் 2015இல் தொழில்முறைக்குப் போனார்? நாட்டின் குத்துச்சண்டைச் சங்கத்தைப் பாருங்கள்! பதவிச் சண்டை முற்றி, 2012 டிசம்பரில் சர்வதேச அமைப்பு அதைத் தள்ளிவைத்தது. புதிய சம்மேளனம் நிலைகொள்ள 2016 ஆயிற்று. அந்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்குக்குப் போக முடிந்தவர்கள் மூன்றே குத்துச்சண்டை வீரர்கள். தலைவர்கள் நாற்காலிக்குச் சண்டை போட்டார்கள். வீரனுக்குச் சண்டை போட இடமில்லை!

2015 அக்டோபரில் மான்செஸ்டரில் முதல் சண்டை. அப்போது வயது முப்பதை எட்டச் சில நாள்களே. 2016 ஜூலையில் டெல்லியில் ஆசிய பசிபிக் பட்டம். தொடர்ந்து பன்னிரண்டு வெற்றி. 2021 மார்ச்சில் கோவாவில் முதல் தோல்வி. 2022 வரை மொத்தம் பதினான்கு சண்டை, பதின்மூன்று வெற்றி. நல்ல கணக்குத்தான். ஆனால் ஏழு ஆண்டில் பதினான்கே சண்டை; உலகப் பட்டத்துக்கான சண்டை ஒன்றுகூட இல்லை. திறமை குறைவா? இல்லை. புறப்பட்ட நேரம் பிந்திவிட்டது.

விகாஸ் கிருஷன் 2019 ஜனவரியில் அமெரிக்காவில் தொழில்முறையில் இறங்கினார். இரண்டு வெற்றியோடு ஒலிம்பிக் ஆசையில் திரும்பி வந்தார். 2021இல் டோக்கியோவில் தோள் காயத்தோடு முதல் சண்டையிலேயே தோற்றார். இரண்டு படகில் கால் வைத்தவனுக்குக் கரை எது?

அப்படியானால் போகாமல் இருந்தவர்கள் சுகமாக வாழ்ந்தார்களா? 1982 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற ராணுவ வீரர் கவுர் சிங், 1980இல் டெல்லியில் முகமது அலியோடு காட்சிச் சண்டை போட்டவர். 2017இல் இருதய சிகிச்சைக்குக் கடன் வாங்கித் தவித்தார் என்ற செய்தி வந்த பிறகே நாடு அவரை நினைத்தது. ஆகவே, "தொழில்முறை கெட்டது, அமெச்சூர் நல்லது" என்று பேசுவது வெறும் பேச்சு. கைவிடப்படுகிறவன் இரண்டு இடத்திலும் கைவிடப்படுகிறான்.

தமிழகத்துக்கும் இதில் பங்கு உண்டு. வட சென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று கட்சி கட்டிக் குத்துச்சண்டை வளர்த்தவர்கள் உழைக்கும் மக்களே. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிச் சண்டை போட்டபோது திரண்ட கூட்டமும் அவர்களே. அந்தச் சென்னையின் தேவராஜன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்குப் போனார். ஆர்வம் இருந்தது, ஆள் இருந்தது. இல்லாமற்போனது பாதுகாப்பு.

ஆகவே, தோழர்களே, மஞ்சக்குப்பம் மைதானத்திலும் அண்ணாமலை நகரிலும் மாலையில் வியர்வை சிந்தும் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது என்ன? "போகாதே" என்று தடுக்க நாம் யார்? போ! ஆனால் படிப்பை முடித்துவிட்டுப் போ. தமிழக அரசுப் பணியில் விளையாட்டு வீரர்க்கென்று 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதைத் தெரிந்துகொள். ஒப்பந்தத்தைத் தாய்மொழியில் படித்துக் காட்டச் சொல்லி, விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடு.

அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியது என்ன? மேனேஜரும் முதலாளியும் சேர்ந்து வீரனைச் சுரண்டாமல் தடுக்க, அலியின் பெயரிலேயே அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. முதலாளித்துவ நாட்டுக்கே அது தேவைப்பட்டது. இங்கே வீரனின் ஒப்பந்தத்துக்கும், காயத்துக்கான இழப்பீட்டுக்கும், தலையில் அடிபட்டவனை மருத்துவர் சான்று இல்லாமல் மறுபடி ஏற்றக் கூடாது என்பதற்கும் உறுதியான சட்டம் வேண்டும். மேடையில் மாலை போடுகிறவர்கள் அதற்குப் பதில் சொல்லட்டும்!

பதக்கம் நாட்டுக்கு என்றால், அதை வாங்கித் தந்தவனின் முறிந்த கையும் நாட்டுக்குத்தான்!