விடியுமுன் வேலைக்குப் போகும் தாய்மார்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

காரைக்குடியைச் சூழ்ந்த கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் முதலிய ஊர்களில் கல்யாண வைபவங்கள் அடுத்தடுத்து நிகழும் மாதங்களில், திருப்பூட்டு முடிவதற்குள் பந்திக்கான பலகாரம் ஆயத்தமாக வேண்டுமென்பதற்காக, காய் நறுக்கவும் பாத்திரம் துலக்கவும் அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து பின்னிரவிலேயே வேன் ஏறிப் போகும் தாய்மாரை, அவ்விருந்தை உண்டு வாழ்த்துவோரில் பெரும்பாலோர் கண்டதில்லை. முதல் நாள் இரவு கைப்பேசி ஒலித்தால்தான் மறுநாள் வேலை உண்டென்பது தெரியும். கண்மாயில் நீர் நிற்கும் சில வாரங்களில் நடவும் களையெடுப்பும் இப்படித்தான். சித்தாள் வேலையும் மேஸ்திரி சொல்லும் நேரந்தான். கடும் உழைப்பு இப்பெண்களுக்குப் பழக்கம். நேரந்தெரியாத உழைப்பே குடும்பத்தைக் குலைக்கிறது என்பது எமது சங்கத்தின் உறுதியான அபிப்பிராயம்.

தாய்மாரை அகால வேளையில் வேலைக்கு அழைக்கலாகாது என்று நல்லெண்ணத்தோடு சொல்வோர் உளர். அதனை யாம் ஏற்கவில்லை. தடை வந்தால் போவது கூலிதான். வேண்டுவது, தாய் போன பொழுதில் குழந்தையைக் காக்கும் ஏற்பாடு.

குழந்தைக் காப்பகம் பற்றிய நம் பழைய சட்டங்கள் பெண்களைத் தலையெண்ணிப் பிறந்தவை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் உழைக்கும் ஆலைக்கே காப்பகத்தை விதித்தது. இன்று ஒரு கல்யாண வீடு, நாளை ஒரு வயல் என்று ஐந்தாறு பேராகப் பிரிந்து போகும் எம் பெண்கள் அந்தக் கணக்கில் அடங்குவதெங்ஙனம்? 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டமோ, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவர் வேலைத்தலத்துக்கு வந்திருப்பின், அங்குள்ள பெண்களுள் ஒருத்தியையே கூலி கொடுத்து அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தச் சொன்னது. குழந்தைகளை எண்ணிய அந்த விதியின் நியாயமே எமது கோரிக்கைகளுக்கு அடிப்படை.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தை நன்றியோடு நினைக்கிறோம். தாய் விடியுமுன் போனாலும் பிள்ளை பசியோடு பாடம் கேட்பதில்லை. ஆயினும் தாய் வாசல் தாண்டுவதற்கும் பள்ளி திறப்பதற்கும் இடைப்பட்ட பொழுதில் கைக்குழந்தையைக் காப்பவள் பெரும்பாலும் தலைப்பெண். அவளே பள்ளிக்குப் பிந்துகிறாள், பிறகு நின்றுவிடுகிறாள்.

ஆகவே, வேலை நேரத்தை முதல் நாள் பொழுது சாய்வதற்குள் சொல்லிவிட வேண்டும். அழைத்தபின் திருப்பி அனுப்பினால் அரைநாள் கூலி கொடுக்க வேண்டும். நடவுக் காலத்திலும் கல்யாண மாதங்களிலும் அங்கன்வாடி விடியுமுன் திறக்கப்பட வேண்டும். ஆனால் அங்கன்வாடி ஊழியரும் ஒரு தாயாதலால், அக்கூடுதல் பொழுதுக்குத் தனி ஆளும் தனிச் சம்பளமும் இன்றி அவர் தலையில் சுமத்தும் எந்த ஏற்பாட்டுக்கும் எமது சங்கம் இசையாது. கல்யாணம் நடத்தும் பெரிய வீட்டாரிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு: அடுப்பு எரியும் அந்த இரவில், இரண்டாங்கட்டில் பூட்டிக் கிடக்கும் அறைகளில் ஒன்றைத் திறந்து, பாய் விரித்து, சமைக்க வந்தவர்களின் குழந்தைகளைப் படுக்க வைத்துக்கொள்ளுங்கள்.