பயிற்சி சரி, பொதுக்கூடம் எங்கே?

பங்குனி, சித்திரையில் விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள முந்திரிக் காட்டுக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது புளித்த வாடை. கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே எறிந்துவிடுகிறார்கள். கொட்டையைப் போல் பல மடங்கு எடையுள்ள பழம் அது. ஆரஞ்சைவிட அதிகமாக 'சி' வைட்டமின் உள்ள பழம். ஒரு நாள் கிடந்தால் அழுகிவிடும்.

கிராம வாலிபர்களுக்கும் விவசாயிகளுக்கும் பயிற்சி தருவதற்கென்று வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. நாட்டின் முதல் நிலையம் 1974ல் பக்கத்துப் புதுச்சேரியில்தான் துவங்கியது. விருத்தாசலத்திலும் ஒன்று இயங்குகிறது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். இங்குள்ள ஆராய்ச்சி நிலையம் 1991ல் தந்த வி.ஆர்.ஐ. 3 முந்திரி ரகம் சாதாரண சாதனையல்ல. 2011 டிசம்பர் 30ந் தேதி தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, மறுநடவுக்குக் கைகொடுத்தவை ஒட்டுக் கன்றுகளே.

"இது தோப்புக்காரர் விவகாரம், நமக்கென்ன?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். தவறு. பழத்தைக் குனிந்து பொறுக்குகிறவள் கூலிப் பெண். பிறகு கொட்டை உடைப்பதும் அவளே. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு அவள் விரல்தான் வெந்து தோலுரிகிறது. அவள் மகனோ திருப்பூருக்கு பஸ் ஏறுகிறான்.

சாறு எடுப்பது பெரிய வித்தையல்ல. ஜவ்வரிசிக் கஞ்சியைச் சாற்றில் கலந்து வைத்தால் துவர்ப்பு அடியில் படிந்து, மேலே தெளிந்த சாறு நிற்கும். கேரளத்து வேளாண் பல்கலைக் கழகம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. சில நாள் பயிற்சியில் எவரும் கற்றுக்கொள்வார்கள். கற்றபின் என்ன செய்வது? பிழியும் யந்திரம், பாட்டில், உணவு லைசென்ஸ், வாங்குகிறவன், இத்தனையும் வேண்டுமே!

2020ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த சிறு உணவுத் தொழில் திட்டத்தில் நூற்றுக்கு 35 மானியம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் நூற்றுக்குப் 10 சொந்தக் கையிலிருந்து போட வேண்டும், மீதிக்கு பாங்கிக் கடன். 5 லட்ச ரூபாய் யந்திரமென்றால் 50 ஆயிரம் ரொக்கம். அன்றாடம் கூலிக்குப் போகிறவள் எங்கே போவாள்? கந்து வட்டிக்காரனிடம்தான்.

சிறு பீங்கான் பட்டறைக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியே பெரிய சூளை கட்ட முடியாது. இந்த ஊரில் அதற்கு சர்க்கார் பொதுச் சூளை வைத்தது. சட்டி பொம்மைக்கு ஆன காரியம் பழத்துக்கு ஆகாதா?

ஆகவே நாம் கேட்பது இது: பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது பட்டா கேட்காதே. பயிற்சி நாட்களுக்குக் கூலி கொடு. கூலிப் பெண்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் பொதுச் சாறு கூடம் ஒன்றை சர்க்கார் செலவில் அமைத்து, லைசென்சை சங்கத்தின் பெயரில் கொடு. கூடம் மாசிக்குள் தயாராக வேண்டும். சித்திரையில் டெண்டர் விட்டால் அந்த ஆண்டுப் பழமும் மண்ணுக்குத்தான்.